விரத காலத்து வியாழக்கிழமைகள்

எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் தினமும் ஏதாவது ஒரு வழக்கு நடக்கும். சிங்கப்பூரில், சாங்கியில் விமானச் சரக்கைப் பிரித்து அடுக்கி அனுப்புகிற கூடம் அது. இருபத்து மூன்று வருடமாக அங்கேதான் காலந்தள்ளுகிறேன். என்னோடு மேசையில் உட்காருகிற இளவட்டங்கள் எல்லோரும் ஜிம்முக்குப் போகிறவர்கள். தோள் அகலம், இடுப்பு சிறுத்து, சோற்றைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொண்டுவருகிறவர்கள். போன மாதம் ஒரு நாள் பேச்சு 'சீட் டே' பக்கம் திரும்பியது. ஆறு நாள் வாயைக் கட்டிவிட்டு ஏழாவது நாள் பிடித்ததைச் சாப்பிடலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு.

"அந்த ஒரு நாள் இல்லன்னா மண்டை காஞ்சிடும் லா" என்றான் ஒருவன். "அந்த ஒரு நாள்ல ஆறு நாள் உழைப்பும் போச்சு ப்ரோ" என்றான் இன்னொருவன். தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு." என் தொப்பையைப் பார்த்துத்தான் சொன்னான், பாவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கென்னப்பா தெரியும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன்.

எனக்குத் தெரியும். அந்த மேசையில் இருந்த எவனைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பாலிகிளினிக்கில் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது, கொழுப்பு கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. எடை தொண்ணூற்றாறு கிலோ. பத்துக் கிலோ குறைத்தால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரை என்று மருத்துவர் சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுச் சீனப் பெண். பிளாஸ்டிக்கில் செய்த சோறு, மீன், கீரையை எல்லாம் ஒரு தட்டில் வைத்துப் பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு என்று பாடம் நடத்தினாள். அரை மணி நேரம் பேசினாள். கடைசியில், வாரத்தில் ஒரு வேளை உங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் சலித்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள் என்றாள். அரை மணி நேரப் பாடத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளியே என் மனைவி காத்திருந்தாள். அவள் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் சமையல் செய்கிறவள். அறுபது பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் பசியாறப் பலகாரம், மதியம் சாப்பாடு, பிற்பகலில் தின்பண்டம். அத்தனை பேருக்குச் சமைத்தும் அவள் உடம்பில் ஒன்றும் ஒட்டியதில்லை. ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணத்தின்போது தைத்த ரவிக்கையை மகளின் கல்யாணத்துக்கும் போட்டவள். மகள் இப்போது கணவனோடு பெர்த்தில் இருக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஆலோசகர் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையை அந்த நாளாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆலோசகர் கொடுத்தது ஒரு வேளை, நான் கேட்டது ஒரு நாள். என் மனைவி அதை உடனே பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பத்தி அந்தப் பொண்ணுக்கு என்னங்க தெரியும்? ஞாயித்துக்கிழமை ஒரு நாள்னு ஆரம்பிப்பீங்க. மிச்சம் இருக்குதேன்னு திங்கக்கிழமை சாப்பிடுவீங்க. செவ்வாக்கிழமை இனிமே அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுடுவீங்க. போன ரெண்டு தடவையும் அப்படித்தானே ஆச்சு?"

உண்மைதான். உண்மை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருடத் தீபாவளிக்கு ஜூரோங்கில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆட்டுக்கறி, நண்டு, கோழிப் பொரியல் என்று ஒரு பிடி பிடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தேன். என் மனைவி பேச்சுவாக்கில் பத்துக் கிலோ விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மச்சான் என் வயிற்றைத் தட்டி, "மாப்பிள்ளையாவது, வாயக் கட்டுறதாவது. நடக்கிற காரியமா லா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிற தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கப்போகிறேன், சீட் டேயும் கிடையாது கீட் டேயும் கிடையாது என்று அறிவித்தேன். வயிறு நிறைந்திருக்கும்போது விரத முடிவு எடுப்பதைப் போலச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை.

இது எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான். சிகரெட்டை விட வேண்டுமா, பீரை விட வேண்டுமா, கொண்டுபோய்த் தைப்பூசத்தில் முடிச்சுப் போட்டுவிடுவோம். மருத்துவர் சொன்னால் கேட்காதவன் சாமி குத்தம் என்றால் பயப்படுவான் என்று ஒரு நம்பிக்கை. என் நாக்கை அடக்க எனக்குத் துப்பில்லை, முருகனைக் காவலுக்கு நிறுத்தினேன். விரதத்துக்கும் உடம்பு இளைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மச்சானின் முகத்தில் சிரிப்பு நின்றது, என் மனைவியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியிலேயே அவள் சொன்னாள்: "தனியா இருந்தா நீங்க தாங்கமாட்டீங்க. நானும் இருக்கேன்."

"நீ எதுக்கு? நீயே ஒடிஞ்சு விழற மாதிரி இருக்கே."

"வீட்டுல ஒருத்தர் விரதம் இருக்கையில இன்னொருத்தர் மீன் பொரிச்சா நல்லாவா இருக்கும்? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, விடுங்க."

டிசம்பரில் விரதம் தொடங்கியது. காலையில் குளித்துத் திருநீறு பூசி, கழுத்தில் ருத்ராட்ச மாலை போட்டுக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் என்னைப் பார்த்து நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாப்பாட்டு அறையில் எனக்கென்று தனி இடம் விட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் பிடித்திருந்தது. முதல் பத்து நாள் கீரையும் மோரும் கொண்டைக்கடலையுமாக ஓடின. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிட்டதும் எடை பார்ப்பது என்று என் மனைவி ஒரு வழக்கம் வைத்தாள். தொண்ணூற்று நாலரை. அதைக் காலண்டரில் பெரிதாக எழுதிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வியாழக்கிழமை வார விடுப்பு. இரண்டாவது வியாழன் அன்று அவள் வேலைக்குப் போகும்போது, தேக்கா சந்தைக்குப் போய் வெற்றிலையும் கதம்பமும் வாழைப்பூவும் வாங்கி வரச் சொன்னாள். வாங்கினேன். வாங்கிக்கொண்டு அப்படியே வெளியே வந்திருக்கலாம். பக்கத்திலேயே உணவுக் கடைகள். தோசைக்கல்லின் மேல் ஆட்டுக்கறிப் பிரட்டல் வதங்கிக்கொண்டிருந்தது. மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது.

அப்போது நான் எனக்குள் செய்துகொண்ட வாதத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும். வாரத்தில் ஒரு வேளை சாப்பிடலாம் என்று படித்த பெண் சொல்லியிருக்கிறாள். ஆகவே டயட்டைப் பொறுத்தவரை இது தப்பே இல்லை. விரதத்தைப் பொறுத்தவரைதான் தப்பு. அப்படியானால் இந்த ஒரு வேளைக்கு நான் பக்தன் இல்லை, பாலிகிளினிக் நோயாளி. இந்த ஒரு வேளை முடிந்ததும் மறுபடியும் பக்தனாகிவிடலாம். ஐம்பத்தொரு வயது மனிதன், ஒரு கையில் வாழைப்பூவோடு நின்றுகொண்டு, இப்படி யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கால் கடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டது.

கடைக்கார அம்மாள் என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். "என்னண்ணே, மாலை போட்டிருக்கீங்க? கறியா கேட்டீங்க?"

"எனக்கில்லம்மா. வீட்டுல விருந்தாளி வந்திருக்காங்க. கட்டிக் கொடுங்க."

பிரியாணியும் பிரட்டலும் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போகவா முடியும்? மேலே இருக்கும் குடியிருப்பு புளோக்கின் படிக்கட்டில் ஏறி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ருத்ராட்ச மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். முருகனுக்குக் கண் தெரியாதபடி மூடிவிட்டதாக நினைப்பு. பொட்டலத்தை மடியில் வைத்துக் கையால் அள்ளி அள்ளித் தின்றேன். மேலேயிருந்து இறங்கி வந்த சீனப் பாட்டி ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, கீழே மேசை இல்லையா என்று மலாய்மொழியில் கேட்டார். இடம் இல்லை என்று பொய் சொன்னேன். அவர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

கறி ருசியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. குற்ற உணர்வில் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினேன்.

பிறகு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்படியும் விரலில் மசாலா மணத்தது. சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றுக்குள் போய்த் திருநீற்றை அள்ளி நெற்றியிலும் இரண்டு கையிலும் பூசிக்கொண்டு, மாலையை மறுபடியும் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். மாலையில் வீட்டுக்கு வந்த என் மனைவி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை, பாருங்கள்.

அடுத்த வியாழக்கிழமையும் போனேன். விருந்தாளி இன்னும் ஊருக்குப் போகவில்லையா என்று கடைக்கார அம்மாள் கேட்டுவிடுவாரோ என்று பயந்து வேறு கடைக்குப் போனேன். அங்கே போவதற்கு முன்பே திருநீற்றை அழித்துவிட்டதால் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. அதற்கடுத்த வியாழன், மீன் தலைக் கறி. அப்புறம் வியாழக்கிழமை மட்டும் என்ற வரம்பும் போயிற்று. வேலையிடத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப்போய் முட்டைப் பரோட்டா தின்றுவிட்டு வருவேன். என் மனைவி பாலிகிளினிக் வாசலில் எதைச் சொன்னாளோ அது அப்படியே நடந்தது.

தராசு மட்டும் என் பக்கம் இல்லை. நான்காவது ஞாயிறு தொண்ணூற்றைந்து. ஐந்தாவது ஞாயிறு தொண்ணூற்று ஆறு புள்ளி இரண்டு. விரதம் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்! என் மனைவி தராசைத் தூக்கிப் பார்த்தாள், இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள், பாட்டரியை மாற்றினாள். அவளும் ஏறி நின்று பார்த்தாள். நாற்பத்தெட்டு காட்டியது. நான் இளைக்க வேண்டியதை அவள் இளைத்துக்கொண்டிருந்தாள்.

என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு சண்டையோடு எல்லாம் முடிந்திருக்கும். முன்பெல்லாம் பிஸ்கட் டப்பா மூடியின் சத்தத்தைக் கேட்டே என்னைப் பிடிக்கிறவள் அவள். ஆனால் மாலை போட்ட புருஷனை அவளால் அப்படி நினைக்க முடியவில்லை. டயட் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் மாட்டியிருப்பேன். விரதம் என்று சொன்னதால் தப்பித்தேன். குறை விரதத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

"நாமதான் ஏதோ சரியாச் செய்யல. நான் வேணா ஒரு வேளையோட நிறுத்திக்கறேன்" என்றாள்.

"அதெல்லாம் வேணாம். நீ சாப்பிடு. நீ வேலை செய்யிற ஆளு."

"நீங்க வெறும் மோரும் கீரையுமா கெடக்குறீங்க. நான் எப்படிச் சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டு உக்கார்றது?"

நிஜத்தைச் சொன்னால் மட்டும்தான் அவளைத் தடுக்க முடியும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் மற்றதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உடம்புக்கு ஆகாது என்றேன், மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே மறுத்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு. ஆறாவது வாரம் அதையும் விட்டுவிட்டுப் பாலும் பழமும் என்று மாறினாள். கையை உயர்த்தினால் வளையல்கள் முழங்கை வரை ஓடின. கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க அடியில் நூல் சுற்றியிருந்தாள். அந்த நூலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள்தானே, அதுவரை தாங்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வியாழனும் தேக்காவுக்குப் போனேன்.

அன்று இலையில் கோழிப் பிரியாணியும் நண்டு மசாலாவும் வைத்திருந்தார்கள். நண்டை உடைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வலது கை முழுக்க மசாலா. இடது கையால் எடுத்திருக்கலாம். வேலையிடத்திலிருந்துதான் கூப்பிடுவார்கள், யாரோ வரவில்லை, வந்து நில் என்பார்கள் என்று எரிச்சலோடு விட்டுவிட்டேன். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் விட்டேன். நண்டைப் பாதியில் விட யாருக்கு மனசு வரும்? சாப்பிட்டு முடித்து, கை கழுவி, டீ ஒன்று குடித்துவிட்டுப் போனை எடுத்தேன். நான்கு அழைப்புகள். எல்லாமே என் மனைவி வேலை செய்யும் இடத்திலிருந்து வந்தவை.

சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, அடுப்பின் பக்கம் விழவில்லை. அங்கே வேலை செய்யும் தமிழாசிரியை ஒருவர் கூடவே ஆம்புலன்ஸில் ஏறி மருத்துவமனைக்குப் போயிருந்தார். அவர்தான் போனில் விஷயத்தைச் சொன்னார். "எத்தன தடவ கூப்பிட்டோம் அண்ணே. அக்கா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

கோயிலில் இருந்தேன், போன் கேட்கவில்லை என்றேன். வாயில் நண்டு மசாலாவின் காரம் அப்படியே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் இருப்பதே தெரியவில்லை, போர்வை தட்டையாகக் கிடந்தது. ரத்தம் மிகக் குறைவு, சர்க்கரை தாழ்ந்துவிட்டது, இந்த வயதில் இப்படிப் பட்டினி கிடக்கலாமா, வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா என்று பெண் மருத்துவர் என்னிடம் கேட்டார். விரதம் என்று சொன்னேன். நீங்களுமா என்று கேட்டு, என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது போலிருந்தது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சொல்லிவிடலாம் என்றுதான் நாற்காலியை அவள் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க."

"என்ன, சொல்லு."

"விரதம் ஆரம்பிச்ச மூணாவது வாரம். பிள்ளைங்களுக்குச் சிக்கன் கஞ்சி வச்சேன். விரதத்துல ருசி பாக்கக் கூடாதுன்னு கண்ணளவுலதான் உப்புப் போட்டேன். ஒரு சின்னப் பிள்ளை ஒரு வாய் வச்சிட்டுக் கரிக்குதுன்னு அழுதிடுச்சு. எனக்குக் கை கால் ஓடல. இன்னும் தண்ணி ஊத்தி, சரியா இருக்கான்னு ஒரு கரண்டி நாக்குல வச்சுப் பாத்துட்டேன். துப்பிட்டேன்தான். ஆனா கொஞ்சம் உள்ள போயிருக்கும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதுலருந்துதான் உங்க எடை ஏற ஆரம்பிச்சுது. நான் காலண்டர்ல பாத்தேன். என்னாலதான். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு இருந்த விரதத்த நான் கெடுத்துட்டேன். அதுக்குப் பிராயச்சித்தமாத்தான் ஒரு வேளை, அப்புறம் பாலும் பழமும்னு இருந்தேன். உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

ஒரு கரண்டிக் கஞ்சி. அதையும் துப்பியிருக்கிறாள். அதற்கு இருபது நாள் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு, என் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வியாழக்கிழமையையும் பரோட்டாவையும் வரிசையாகச் சொல்லி, நீ ஒன்றும் கெடுக்கவில்லை, கெடுத்தவன் நான் என்று அவள் காலைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கரண்டிக் கஞ்சிக்கே இவள் இப்படிக் கூனிக்குறுகுகிறாள், நான் செய்ததைக் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவளைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை, என் மானத்தைப் பற்றித்தான் யோசித்தேன். பிறகு அவள் நெற்றியில் கை வைத்து, இவ்வளவு சொன்னேன்:

"சரி, விடு. தெரியாம நடந்ததுதானே. நான் ஒண்ணும் நினைச்சுக்கல."

"கோவம் இல்லையே?"

"இல்ல."

அவளை நான் மன்னித்தேன். நான், அவளை! அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாரம் இறங்கியவளைப் போல ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப் போனாள்.

தைப்பூசத்தன்று அவள் வீட்டில் படுத்திருந்தாள். நான் இல்லாவிட்டாலும் நீங்கள் போய்ப் பால்குடத்தை எடுத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினாள். உன்னை இப்படி விட்டுவிட்டு எனக்கெதற்குப் பால்குடம் என்று மறுத்துவிட்டேன். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது காலில் விழுந்து கும்பிடுகிறவர்கள் உண்டு. அதை நினைத்தே நடுங்கினேன் என்பதுதான் உண்மை. அவளுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். மனம் நெகிழ்ந்துதான் அழுதாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். முதலில், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப் போட்டேன். தேறியதும், சந்தோஷமாக இருக்கிறாள், எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டேன். மாத்திரை போடத் தொடங்கிவிட்டேன், எடையும் அப்படியேதான் இருக்கிறது. நான் கேட்காமலேயே வியாழக்கிழமையை எனக்கென்று விட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நான் என்ன கேட்டாலும் சமைத்துத் தருகிறாள். "அப்பவே குடுத்திருக்கணும். ரொம்பக் கண்டிப்பா இருந்துட்டேன்" என்று பரிமாறிக்கொண்டே சொல்வாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தத் தமிழாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பத்திரிகை கொடுக்க வந்தார். மாப்பிள்ளை எப்படிப்பட்டவரோ என்று அவருக்கு ஒரு கவலை. என் மனைவி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, புருஷன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"நாப்பது நாளு இவர் கறி மீன் தொடல. நான் ஒரு கரண்டி கஞ்சிய வாயில வச்சு அத்தனையும் கெடுத்தேன். ஒரு வார்த்தை திட்டணுமே? முகத்தக்கூடச் சுளிக்கல. எனக்காகப் பால்குடத்தையே விட்டாரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. "குடுத்து வச்சவங்க அக்கா நீங்க. எனக்கும் இப்படி ஒருத்தர் அமையணும்னு ஆசிர்வாதம் பண்ணுங்க அண்ணே."

என்னால் நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தியா?" என்றாள் என் மனைவி அந்தப் பெண்ணிடம். "புகழ்ந்தா இவருக்குப் பிடிக்காது."